நெகட்டிவ் என்றால் தொற்று இல்லையா? வீட்டில் செய்யும் யூரின் டெஸ்ட் சொல்வதும் சொல்லாததும்

இரவு இரண்டரை மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் பட்டை, அதில் சின்னச் சின்னச் சதுரங்கள், பக்கத்தில் நிறங்களை ஒப்பிடும் அட்டை. அனுப்பியவள் என்னோடு வேலை பார்ப்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, நெகட்டிவ்னுதான் காட்டுது. ஆனா எரிச்சல் உயிர் போகுது. நிறைய தண்ணி குடிச்சேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போறேன். அப்போ இது இன்ஃபெக்‌ஷன் இல்லையா?"

அவள் எழுதிய அந்த வரிகளில், பட்டையில் இருந்ததைவிட அதிகத் தகவல் இருந்தது. எரிச்சல் இருக்கிறது. அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. இந்த இரண்டும்தான் சிறுநீர்ப் பாதைத் தொற்றின் முதல் அடையாளம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போனதால்தான் பட்டை நெகட்டிவ் காட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம். வீட்டில் டெஸ்ட் செய்பவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பட்டை கிருமியைப் பார்ப்பதில்லை

வீட்டில் பயன்படுத்தும் பட்டை, அதாவது டிப்ஸ்டிக், சிறுநீரில் பாக்டீரியா இருக்கிறதா என்று நேராகப் பார்ப்பதில்லை. பாக்டீரியா வந்துபோனதன் தடயங்கள் இரண்டைத்தான் தேடுகிறது. ஒன்று, நம் உடம்பு விட்ட தடயம். இன்னொன்று, கிருமி விட்ட தடயம்.

உடம்பு விடுவது லூகோசைட் எஸ்டரேஸ். சிறுநீர்ப்பையில் கிருமி பெருகினால் அதை எதிர்க்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே வந்து சேரும். அந்த அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி இது. பட்டையில் அதற்கென்று உள்ள சதுரத்தில் இந்த நொதி பட்டால், அங்கே பூசியிருக்கும் வேதிப்பொருள் உடைந்து ஊதா நிறம் வரும். பெரும்பாலான பட்டைகளில் இதற்கு இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். ஊதா வந்தால், சிறுநீரில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். அவை ஏன் வந்தன என்று அந்தச் சதுரத்துக்குத் தெரியாது.

கிருமி விடுவது நைட்ரைட். நாம் சாப்பிடும் காய்கறி, கீரை வழியாக நைட்ரேட் என்ற உப்பு உடம்புக்குள் போகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ஆகவே எல்லோருடைய சிறுநீரிலும் நைட்ரேட் உண்டு, நைட்ரைட் இருக்காது. தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலி என்ற பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடும். அந்த நைட்ரைட்டைக் கண்டுபிடிக்கும் வேதிவினையை ஜெர்மன் வேதியியலாளர் பீட்டர் கிரீஸ் 1879-லேயே விவரித்துவிட்டார். இன்றைக்குக் கடையில் வாங்கும் பட்டையில் ஒரே நிமிடத்தில் தோன்றும் இளஞ்சிவப்பு, அடிப்படையில் அதே வினைதான்.

சரி, இதில் எங்கே சிக்கல்? நேரத்தில். பாக்டீரியா இந்த மாற்றத்தைச் செய்து முடிக்க, சிறுநீர் ஏறத்தாழ நான்கு மணி நேரமாவது பையில் தங்கியிருக்க வேண்டும். தொற்று வந்தவருக்கோ சிறுநீர் பையில் தங்குவதே இல்லை. துளித்துளியாக, அடிக்கடி வெளியேறிக்கொண்டிருக்கும். அது போதாதென்று, எரிச்சல் வந்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் காரியம் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது. தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அதனால் சிறுநீர் நீர்த்துப்போகும், நைட்ரைட் உருவாக நேரமும் கிடைக்காது, உருவான கொஞ்சமும் கரைந்துபோகும். தொற்று எவ்வளவு தொல்லை கொடுக்கிறதோ, அந்த அளவுக்கு நைட்ரைட் சதுரம் ஏமாறுகிறது. தொற்று உறுதியாக இருக்கும் பெண்களை எடுத்துக்கொண்டால், நைட்ரைட் சதுரம் தனியாகக் கண்டுபிடிப்பது ஏறத்தாழப் பாதிப் பேரைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாக் கிருமிகளும் நைட்ரைட் உண்டாக்குவதில்லை. இளம் பெண்களிடம் அடிக்கடி காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ், வயதானவர்களிடமும் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாய்) போட்டவர்களிடமும் வரும் என்டெரோகாக்கஸ் ஆகியவற்றைப் பொறுத்தவரை, எட்டு மணி நேரம் காத்திருந்தாலும் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் நிறம் வராமல் போகலாம். சிறுநீரில் சர்க்கரை அதிகம் இருந்தால் ஊதா நிறம் மங்கும்.

மறுபக்கம், நைட்ரைட் சதுரம் முழுவதும் சீராகச் சிவந்து, அறிகுறியும் இருந்தால், அதைப் பெரும்பாலும் நம்பலாம். அது வீணாகச் சிவப்பது குறைவு. ஓரத்தில் மட்டும் கோடாகவோ புள்ளியாகவோ வந்த நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஊதா சதுரம் அப்படியல்ல. வெள்ளைப்படுதல் கொஞ்சம் கலந்தாலே அது நிறம் மாறிவிடும்.

எடுக்கிற விதம்

பட்டையின் மேல் பழி போடுவதற்கு முன்னால், நாம் எடுக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். அன்று வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குளியலறையின் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைக்கும் வெளிர் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டையைச் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு சதுரத்தின் நீர் வழிந்து அடுத்த சதுரத்தில் கலந்திருந்தது. "எத்தனை நிமிஷம் கழிச்சுப் பார்த்தே?" என்று கேட்டதற்கு, "பார்த்துக்கிட்டே இருந்தேன்கா, ஒண்ணும் வரலைன்னு வெச்சுட்டேன்" என்றாள். கடிகாரம் பார்க்கவில்லை.

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர்தான் இந்த டெஸ்டுக்குத் தோதானது. இரவு முழுக்கப் பையில் இருந்ததால் நைட்ரைட் உருவாக நேரம் கிடைத்திருக்கும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். முதலில் வரும் நீர் தோலிலும் வெளி உறுப்பிலும் இருக்கும் கிருமிகளையும் அணுக்களையும் அடித்துக்கொண்டு வரும் என்பதால்தான் இப்படி. பட்டையை முக்கி உடனே எடுத்து, பாத்திரத்தின் விளிம்பில் இழுத்து, அதிகப்படி நீரை வடித்துவிட்டுக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். அப்புறம் கடிகாரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் டப்பாவில் ஒரு நேரம் போட்டிருக்கும். அதற்கு முன்பு பார்த்தாலும் தப்பு, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் தப்பு. நேரம் கடந்த பட்டையில் எல்லாச் சதுரங்களும் ஏதோ ஒரு நிறத்துக்கு மாறத்தான் செய்யும்.

டப்பாவை மூடி வைப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றுப்பட்டுப் பழசான பட்டையில் நைட்ரைட் சதுரம் தானாகவே சிவக்கலாம். குளியலறை ஈரத்தில் திறந்து கிடந்த டப்பாவை நம்பாதீர்கள். பிடித்த சிறுநீரை வைத்திருந்து பிறகு சோதிப்பதும் கூடாது. அறை வெப்பத்தில் ஈ.கோலி சுறுசுறுப்பாகப் பெருகும், வெளியிலிருந்து ஒட்டி வந்த நாலு கிருமியே ஊராகிவிடும். எரிச்சலைக் குறைக்கக் கொடுக்கும் ஃபெனசோபைரிடின் மாத்திரை போட்டிருந்தால் சிறுநீரே ஆரஞ்சு நிறமாகிவிடும். அப்போது பட்டையில் எந்த நிறத்தையும் படிக்க முடியாது.

கைப்பேசிக் கேமராவால் நிறத்தைப் படித்துச் சொல்லும் செயலிகளும் இப்போது இருக்கின்றன. வெளிச்சம், நேரம், கண் தடுமாற்றம் ஆகிய மூன்றையும் அவை ஓரளவு சரிசெய்கின்றன. நல்லதுதான். ஆனால் பையில் நைட்ரைட்டே உருவாகவில்லை என்றால் எந்தக் கேமராவும் அதைப் பார்க்க முடியாது.

அறிகுறிதான் முதல் டெஸ்ட்

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான். பட்டையை எடுப்பதற்கு முன்பே உடம்பு ஒரு டெஸ்ட் செய்து முடித்திருக்கிறது. 2002-ல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பாய்வு, பெண்களின் அறிகுறிகளை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, ஆனால் வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லை என்றால், தொற்று இருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல்.

இதோடு பட்டையைச் சேர்த்துப் பார்ப்போம். கணக்குக்காக, இரண்டு சதுரங்களும் சேர்ந்து தொற்று உள்ள 100 பேரில் 75 பேரைக் கண்டுபிடிக்கும், தொற்று இல்லாத 100 பேரில் 80 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அறிகுறிகளோடு 100 பெண்கள் வருகிறார்கள். அவர்களில் 90 பேருக்குத் தொற்று. பட்டை அதில் 22 அல்லது 23 பேரைத் தவறவிடும். தொற்று இல்லாத 10 பேரில் 8 பேருக்கு நெகட்டிவ் வரும். ஆக மொத்தம் நெகட்டிவ் வந்தவர்கள் சுமார் 30 பேர். அந்த 30 பேரில் 22 பேருக்குத் தொற்று இருக்கிறது!

அறிகுறி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நெகட்டிவ் பட்டை அதைப் பொய்யாக்காது. அன்று இரவு அவளுக்கு நான் எழுதிய பதிலின் சாரமும் அதுதான்.

அப்படியானால் பட்டையால் என்ன பயன்? நடுவில் நிற்பவர்களுக்குப் பயன். லேசாக ஏதோ மாதிரி இருக்கிறது, தொற்றா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை என்கிறவர்களுக்கு, காலை முதல் சிறுநீரில் இரண்டு சதுரங்களும் நெகட்டிவ் என்றால், காரணம் வேறாக இருக்கலாம் என்று யோசிக்க அது உதவும். நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஊதா மட்டும் வந்து நைட்ரைட் வெள்ளையாக இருந்தால்தான் குழப்பம். அது நைட்ரைட் உண்டாக்காத கிருமியாக இருக்கலாம். கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம். அவற்றிலும் எரிச்சல் வரும், வெள்ளை அணுக்கள் வரும். சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து அதற்குச் சரிப்படாது, அதற்கு வேறு டெஸ்ட், வேறு மருந்து. இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். டாக்டர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

எரிச்சலுக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. பூஞ்சைத் தொற்று, மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பு உலர்ந்துபோவது, சிறுநீரகக் கல், கிருமியே இல்லாமல் பையில் தொடர்ந்து வலி தரும் நோய் என்று பல. பட்டையில் ரத்தத்துக்கான சதுரமும் இருந்து, வலியோ எரிச்சலோ இல்லாமல் அது நிறம் மாறினால், தொற்று என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சிறுநீர் சிவந்து, ஒரு முறை வந்து தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சில சமயம் அப்படித்தான் தலைகாட்டும்.

அறிகுறி இல்லாதவருக்கு டெஸ்ட் எதற்கு?

சிறுநீருக்கென்று வந்த முதல் முக்கிச் சோதிக்கும் பட்டைகளில் ஒன்று, 1956-ல் சந்தைக்கு வந்த சர்க்கரைப் பட்டை. அமெரிக்க வேதியியலாளர்கள் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியின் வேலை அது. ஆய்வகம் வேண்டாம், அடுப்பில் சூடாக்க வேண்டாம், முக்கினால் போதும் என்ற வசதியை வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதே 1956-ல் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் சிறுநீரிலும் பாக்டீரியா நிறைய இருக்கக்கூடும் என்று எழுதினார். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமியாவது இருந்தால்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற எல்லைக்கோடு அவர் வேலையிலிருந்து வந்ததுதான்.

அறிகுறியில்லாமல் கிருமி இருப்பது நோயல்ல. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை சிறுநீரில் பாக்டீரியாவோடுதான் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறார்கள். நீண்ட நாள் கதீட்டர் போட்டிருப்பவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் இருக்கும். இவர்களிடம் பட்டையை முக்கினால் பாசிட்டிவ் வரும். ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். பலன் எதுவும் இருக்காது. வயிற்றுப்போக்கு வரலாம், அடுத்த முறை உண்மையான தொற்று வரும்போது கிருமி மருந்துக்கு மசியாததாக மாறியிருக்கலாம். அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் கதீட்டர் உள்ளவர்களுக்கும் தொற்றைக் கண்டுபிடிக்கப் பட்டையை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் பொதுச் சுகாதார வழிகாட்டுதல் சொல்கிறது.

வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், சோர்ந்து கிடக்கிறார் என்றதும் பட்டையை முக்கி, பாசிட்டிவ் என்றதும் "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்" என்று நிம்மதியடைவதுதான் ஆபத்து. அந்தக் குழப்பத்துக்கு நீர்ச்சத்துக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ, நிமோனியாவோ, பக்கவாதமோ காரணமாக இருக்கலாம். பட்டை பாசிட்டிவ் என்பதால் அவற்றைத் தேடாமல் விட்டுவிடுகிறோம்.

அறிகுறி இல்லாவிட்டாலும் சோதித்து மருந்து தர வேண்டியவர்கள் முக்கியமாக இரண்டு வகையினர். கர்ப்பிணிகள் ஒரு வகை. அவர்களுக்குக் கவனிக்காமல் விட்ட பாக்டீரியா சிறுநீரகம் வரை ஏறும் வாய்ப்பு அதிகம். அதையும் பட்டையை வைத்து முடிவு செய்யாமல் கல்ச்சர் செய்துதான், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துத்தான் பார்ப்பார்கள். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் இன்னொரு வகை.

மருந்து முடித்து, எரிச்சலும் நின்றுவிட்டால், "போயிடுச்சா" என்று பார்க்க மீண்டும் பட்டையை முக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் டாக்டர் சொன்னபடி செய்யட்டும்.

கல்ச்சர், அதன் எல்லை

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற இரண்டையும் சொல்வது யூரின் கல்ச்சர்தான். சிறுநீரைத் தட்டில் பரப்பிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதால் ஒன்றிரண்டு நாள் ஆகும், சில சமயம் மூன்று. வீட்டிலேயே சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வசதியும் பல இடங்களில் உண்டு. சாம்பிளை இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது போரிக் அமிலம் சேர்த்த பாட்டிலில் கோடு வரை நிரப்பித் தர வேண்டும்.

கல்ச்சரும் இறுதித் தீர்ப்பல்ல. ஒரு லட்சம் என்ற எல்லைக்கோடு, எரிச்சலோடு வரும் பெண்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க மருத்துவர் வால்டர் ஸ்டாமின் குழு 1982-லேயே காட்டியது. அவர்களில் பலருக்கு மில்லிலிட்டருக்கு நூறு கிருமி இருந்தாலே அது உண்மையான தொற்றுதான். ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை" என்றோ "முக்கியத்துவம் இல்லாத அளவு" என்றோ வந்தும் எரிச்சல் தொடர்ந்தால், உங்கள் வேதனை கற்பனை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மறுபடி பேசுங்கள், வேறு காரணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்ச்சரை நிச்சயமாகக் கெடுக்கிற காரியம் ஒன்று உண்டு. போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கை ஒன்றிரண்டு போட்டுக்கொண்டு, அப்புறம் சாம்பிள் கொடுப்பது. கிருமி பாதி செத்திருக்கும், தட்டில் வளராது, தொற்று மட்டும் தீராது. சாம்பிள் முதலில், மாத்திரை பிறகு.

பட்டையை ஓரமாக வைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால் முதுகில் வலி, வாந்தி ஆகியவற்றில் ஏதாவது வந்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். அன்றே போக வேண்டும், பட்டை என்ன காட்டினாலும் சரி. பெண்களின் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு ஏறத்தாழ 20. அதனால் ஆண்களுக்குத் தொற்று வருவது குறைவு. வந்தால் புராஸ்டேட், அடைப்பு என்று உள்ளே ஒரு காரணம் இருக்க வாய்ப்பிருப்பதால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கும் அப்படியே. கைக்குழந்தைகள் அடிக்கடி சிறுநீர் கழிப்பதால் நைட்ரைட் இன்னும் எளிதாக ஏமாறும். குழந்தையின் தோலில் ஒட்டிச் சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பையில் எடுத்த சாம்பிளில் தோலில் இருக்கும் கிருமியும் கலந்துவிடும். காரணம் தெரியாத காய்ச்சலோடு இருக்கும் சிறு குழந்தைக்கு வீட்டில் முக்கிப் பார்த்து நேரம் கடத்தாதீர்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை தொற்று வந்தவர்களும் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சமாளிக்காமல், திரும்பத் திரும்ப வருவதற்கான காரணத்தைத் தேடச் சொல்ல வேண்டும்.

அன்று இரவு அவளிடம் காய்ச்சல், முதுகுவலி, வெள்ளைப்படுதல் எதுவும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். "விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போ. மருந்து எதுவும் போடாம முதல்ல சாம்பிள் குடு. பட்டை நெகட்டிவ்னு மட்டும் சொல்லாதே, எரிச்சல், எத்தனை தரம் போனேங்கிறதையும் சொல்லு" என்று எழுதினேன். போனாள். சாம்பிளை வாங்கிக்கொண்டு, அறிகுறியை வைத்தே அன்றே மருந்து தொடங்கினார் டாக்டர். மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினாள். வளர்ந்திருந்தது ஈ.கோலி. நைட்ரைட்டை உண்டாக்கத் தெரிந்த அதே கிருமிதான். அந்த இரவு அதற்கு நான்கு மணி நேரம் கிடைக்கவில்லை.